கல்லில்லா ஊரில் ஒரு கல் சங்கம்

நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள். மன்னார்த் தீவுக்கு அந்தப் பழமொழியின் முதற்பாதி போதும். தலைமன்னாரிலிருந்து பெரிய பாலம் வரை தேடினாலும், முருகைக்கல்லைக் கணக்கில் எடுக்காவிட்டால், நாய்க்கு எறிய ஒரு கல் அகப்படுவது கஷ்டம். அத்திவாரத்துக்கு வேண்டிய கருங்கல் பெருநிலத்திலிருந்து லொறியேறி வருகிறது. இப்படிப்பட்ட ஊரில் கல்லும் கனிமமும் பார்க்கிற பொழுதுபோக்குச் சங்கம் ஒன்று வேண்டும் என்றால், கேட்பவர் முதலில் சிரிப்பார். சிரித்து முடித்ததும் போசகர் யார் என்று விசாரிப்பார். சிரிப்பு நியாயமானது. போசகர் விடயம் கிடக்கட்டும். என் கட்சி இதுதான்: இலங்கையில் வேறெங்கும் இல்லாவிட்டாலும் அப்படியொரு சங்கம் மன்னாரில் இருக்க வேண்டும்.

இரத்தினபுரியில் வையுங்களேன் என்பது முதல் மறுப்பு. அங்கே அது முளைக்காது. இரத்தினபுரியில் ஒருவர் குனிந்து கல்லெடுத்தால் நிமிர்வதற்குள் விலை கேட்டுவிடுவார்கள். விலை வந்த இடத்தில் பொழுதுபோக்கு எப்படி நிற்கும்? கல் எளிதில் கிடைக்காத ஊர்தான் இதற்கு வாய்ப்பான ஊர். நியூயோர்க்கைப் பாருங்கள். கட்டடங்கள் பாறையை மூடிக்கொண்டிருந்த அந்த நகரத்தில் 1886 இல் கனிமவியல் கழகம் தொடங்கினார்கள். நகரின் புகழ்பெற்ற கார்னெட் அதற்கு முந்திய வருடம் 35ஆம் வீதியில் கிடைத்தது. நாலு கிலோவுக்கு மேல் எடை. அதற்கு நிலைத்த பெயர் ‘சுரங்க ரயில் கார்னெட்’. உண்மையில் அது அகப்பட்டது சாக்கடைக் குழி வெட்டும்போது. அந்த ஊரில் சுரங்க ரயில் ஓடியதே 1904 இல்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற பொருளுக்குச் சாக்கடை என்று பெயர் வைக்க யாருக்கு மனம் வரும்? அந்தக் கழகத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஜோர்ஜ் கன்ஸ் 1908 இல் இன்னொருவரோடு சேர்ந்து முத்தைப் பற்றிப் பெரிய புத்தகம் ஒன்று எழுதினார். மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபம் அதில் வருகிறது. சாக்கடைக் கார்னெட் ஊர்க்காரர் நம் கடலைப் படித்துவிட்டார். நாம் நம் கரையைப் படிக்கவில்லை.

படிக்க என்ன இருக்கிறது, வெறும் மணல்தானே என்பது அடுத்த மறுப்பு. சோளகம் அடித்து ஓய்ந்த பிறகு கரையில் கறுப்பாக ஒரு கோடு கிடக்கும். கப்பல் எண்ணெய் என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. அது அலை பார்த்த வேலை. வெள்ளை மணலான குவார்ட்ஸ் தண்ணீரைவிட 2.65 மடங்கு கனம். கறுப்புக் கோட்டிலுள்ள இல்மனைட் ஏறத்தாழ 4.7 மடங்கு. திரும்புகிற அலை இலேசானதை இழுத்துக்கொண்டு போக, கனத்தது தங்கிவிடுகிறது. சுளகில் அரிசி புடைத்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அந்தக் கறுப்பு மணலில் ஒரு சிட்டிகையைக் காயவைத்து வெள்ளைக் கடதாசியில் பரப்ப வேண்டும். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைப் பொலித்தீன் பைக்குள் போட்டு மேலே பிடிக்க வேண்டும். பை இல்லாவிட்டால் ஒட்டிய துகளைச் சுரண்டுவதிலேயே சங்கத்தின் முதற்கூட்டம் முடிந்துவிடும். பாய்ந்து ஒட்டுவது மக்னடைட். அசையாமல் கறுப்பாகக் கிடப்பதில் பெரும்பங்கு இல்மனைட். உருப்பெருக்குக் கண்ணாடியில் இளஞ்சிவப்பாகத் தெரிவது கார்னெட், கண்ணாடிபோல் மினுங்குவது சேர்கோன். இவை பிறந்த இடம் இலங்கையின் உட்பகுதியிலுள்ள 50 கோடி ஆண்டுகள் கடந்த பாறைகள். ஆறுகள் உருட்டிக் கடலுக்குக் கொடுக்க, கடல் கரைக்குக் கொடுத்தது. லொறிகள் வருமுன்னரே பெருநிலத்துக் கல் தீவுக்கு வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, கொஞ்சம் பொடியாக.

சட்டம் விடுமா என்று கேட்பவருக்கு நான் மரியாதை தருவேன், ஏனென்றால் கேள்வி சரியானது. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி கனிமத்தை அகழவும் ஏற்றிப்போகவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆகவே சங்கத்தின் விதி ஒன்றே ஒன்று: பார்த்து முடிந்ததும் மணலைக் கரையிலேயே கொட்டிவிட வேண்டும். சேகரிப்பே இல்லாத சேகரிப்பாளர் சங்கம் என்று கேலி செய்யட்டும். பொருளாளருக்கு வேலை மிச்சம். தமிழருக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம் என்போருக்கு ஆனந்த குமாரசுவாமியைக் காட்டலாம். நடராசரை உலகுக்கு விளக்கியவர் என்று மேடைகளில் புகழ்கிறோம். அதற்கு முன் அவர் இலங்கைக் கனிமவியல் ஆய்வின் முதல் பணிப்பாளராக இருந்து, 1904 இல் தோரியனைட் என்ற புதுக் கனிமம் வெளிவரக் காரணமானவர். அந்தப் பகுதியைச் சொன்னால் கைதட்டல் குறையும் என்று நம் பேச்சாளர்கள் எண்ணுகிறார்கள் போலும்.

கடைசி மறுப்புத்தான் கனமானது: நாம் மணலை ஆராய்ந்து பேசித் திரிந்தால் கம்பனிக்காரன் வந்துவிடுவான். ஐயா, அவன் வந்து துளை போட்டு அளந்தும் முடித்துவிட்டான். அவுஸ்திரேலியக் கம்பனி ஒன்று தீவின் மணலில் 30 கோடி தொன்னுக்கு மேல் கனிமப் படிவு இருப்பதாகத் தன் பங்குதாரருக்கு அறிவித்திருக்கிறது. கடல்மட்டத்துக்குச் சில மீற்றர் உயரத்திலேயே கிடக்கிற தீவு இது. தோண்டினால் கடல் புகும் என்று அஞ்சி மக்கள் வீதிக்கு இறங்கியதில் வியப்பில்லை. இல்மனைட்டின் டைட்டானியம்தான் பெயின்றுக்கு வெண்மை தருகிறது. கறுப்பு மணல் போனால் வெள்ளைப் பெயின்றாகத் திரும்பி வரும், நம்மிடமே விற்பதற்கு. மணலின் மேல் குடியிருப்பவனுக்கு மட்டும் அதில் என்ன இருக்கிறதென்று தெரியாமலிருப்பதை எப்படிப் பாதுகாப்பு என்று சொல்வது? சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தால் கருத்துச் சொல்லச் சட்டம் தருவது 30 வேலை நாட்கள். இல்மனைட் எது, மக்னடைட் எது என்று அப்போது தொடங்கினால் அறிக்கையின் முன்னுரையைத் தாண்ட மாட்டோம். வீட்டில் பழுதான ஸ்பீக்கர் கிடந்தால் இன்றைக்கே காந்தத்தைக் கழற்றி வையுங்கள்.