கூரையில்லாதவர்

பிள்ளைகளின் படிப்பு முடிந்துவிட்டது, வீட்டுக் கடன் அடைந்துவிட்டது, டாக்டர் கொழுப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார். இந்த மூன்றும் ஒரே ஆண்டில் நடந்தால் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மனிதர் கூரையில்லாத கார் வாங்குகிறார். பெரும்பாலும் வக்கீல், தப்பினால் பல் டாக்டர். வீடு கிள்ளானில், ஆபீஸ் பிரிக்பீல்ட்ஸில். பெற்றவர்கள் வைத்த பெயர் எதுவானாலும், கார் வந்த மறுநாள் முதல் ஊருக்கு அவர் ‘எம்.ஜி. அங்கள்’தான்.

வாங்கி, துணி போர்த்தி, ஞாயிற்றுக்கிழமை பசியாறப் போவதற்கு மட்டும் வெளியே எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். புத்திசாலிகள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நம்மவர் வேலைக்குப் போவதே அதில்தான். தினமும், கூட்டரசு நெடுஞ்சாலையில், லோரிகளுக்கு நடுவில்.

அசல் எம்.ஜி. டி.டி. கார் இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1953 வரை செய்யப்பட்டது. ஏறத்தாழ 30,000 கார்கள். முக்கால்வாசி கப்பலேறி அமெரிக்கா போயின. 1,250 சிசி இன்ஜின், உருண்டைக் கண் விளக்குகள், முன்னால் மடக்கிச் சாய்க்கக்கூடிய கண்ணாடி, முதுகில் கட்டிய மாற்றுச் சக்கரம். நம்மவரிடம் இருப்பது அந்த முகத்தைப் பார்த்து மலேசியாவிலேயே கட்டிய டி.டி. 2000. உள்ளே டொயோட்டாவின் இரண்டு லிட்டர் இன்ஜின். முகத்தில் வெள்ளைக்காரத் துரை, வயிற்றில் ஜப்பான். 1942-க்குப் பிறகு இந்த நாட்டுக்குப் பழகிப்போன வரிசைதான்.

ஆனால் யாராவது கேட்டால் அவர் பொய் சொல்லமாட்டார். “1950 மாடல்” என்பார். மாடல் என்ற சொல் அங்கே எவ்வளவு பாரம் சுமக்கிறது என்பது வக்கீலுக்குத்தான் தெரியும். முன்பக்கத்தில் ஓர் எண்கோண எம்.ஜி. சின்னத்தை எங்கிருந்தோ வரவழைத்து ஒட்டியிருப்பார். தெங்கு கெலானா சாலையில் பூக்கட்டும் பாட்டிகள் அதைப் படித்துவிட்டு, மூன்றாவது எழுத்து எங்கே விழுந்துவிட்டது என்று அக்கறையாக விசாரிப்பார்கள்.

இதே நோயில் கொஞ்சம் முற்றியவர்கள், அதாவது பணம் முற்றியவர்கள், புஃபோரி வாங்குவார்கள். 1986-இல் சிட்னியில் சகோதரர்கள் தொடங்கி, பிறகு மலேசியாவுக்கே குடிவந்து, கெப்போங்கில் கையால் கார் கட்டும் நிறுவனம். எம்.ஜி. அங்களுக்கு அந்தக் கூட்டத்தைப் பிடிக்காது. “அது ஷோ” என்பார், தோல் கையுறையைக் கழற்றியபடி. முப்பத்துமூன்று டிகிரி வெயிலில் தோல் கையுறை எதற்கு என்று நாம் கேட்கக்கூடாது.

அவருடைய உண்மையான தொழில் வானம் பார்ப்பது. கோலாலம்பூரில் பகல் இரண்டு மணிக்கு மேல் மேகம் கறுப்பதும் நான்கு மணிக்கு இடியோடு கொட்டுவதும் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் அலுவலக நேரம்போல நடக்கும். அங்களுக்கு வானிலை இலாகா தேவையில்லை. கட்சிக்காரர் சொத்துத் தகராறை அழுதபடி சொல்லிக்கொண்டிருப்பார். இவர் கண் ஜன்னலில் இருக்கும். “சுபாங் பக்கம் இருட்டுது” என்பார் திடீரென்று. பாகப்பிரிவினை அத்தோடு அடுத்த வாரத்துக்குப் போய்விடும். விஷயம் தெரிந்த கட்சிக்காரர்கள் காலை பத்து மணிக்கே வந்து முழு ஆலோசனையும் வாங்கிக்கொண்டு போவார்கள்.

காருக்குக் கித்தான் கூரை உண்டு. இருக்கைக்குப் பின்னால் மடித்துக் கிடக்கும். அதை இழுத்து, கம்பியில் மாட்டி, பொத்தானெல்லாம் போட்டு முடிக்க ஒரு தே தாரே ஆற வைத்துக் குடிக்கும் நேரம் ஆகும். கிள்ளான் மழை அவ்வளவு நேரம் தருவதில்லை. கூரை மாட்டி முடிக்கும்போது அது உள்ளே விழுந்த தண்ணீர் வெளியே போகாமல் பார்த்துக்கொள்கிறது.

தலைக்கு மேல் நிரந்தரக் கூரையுள்ள சாலை ஒன்று இந்த நகரத்தில் இருக்கத்தான் செய்கிறது: 2007-இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கப்பாதை. சிரம்பான் பக்கம் வழக்கு வந்தால் அங்கள் ஆசையோடு அதற்குள் நுழைவார். அதிலும் ஒரு சிக்கல். நகரத்தில் வெள்ளம் வரும் அளவுக்கு மழை கொட்டினால், அந்தச் சுரங்கத்தில் கார்களை நிறுத்திவிட்டுத் தண்ணீரை விடுவார்கள். கட்டியதே அதற்குத்தான். கூரை தேவைப்படாத நாளில் கூரை கொடுக்கும் சாலை அது.

பிரிக்பீல்ட்ஸில் காரை நிறுத்துவது தனிக் கலை. வெயிலில் நிறுத்தினால் திரும்பி வரும்போது இருக்கை தோசைக்கல். மரத்தடியில் நிறுத்தினால் காக்கை. மற்றவர்களுக்குக் காக்கை எச்சம் கூரையில் விழும். இவருக்கு இருக்கையில் விழும். இந்தக் காக்கைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1890-களில் கிள்ளான் காப்பித் தோட்டங்களில் கம்பளிப்புழுத் தொல்லை. அதைத் தின்ன இலங்கையிலிருந்து காக்கைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். காப்பி போய்விட்டது, ரப்பர் வந்து போய்விட்டது, காக்கைகள் தங்கிவிட்டன. தோட்ட வேலைக்கென்று கப்பலில் வந்து இங்கேயே குடும்பமாகிப்போன இன்னொரு கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதால், அங்கள் அவற்றை விரட்டுவாரே தவிர திட்டமாட்டார்.

கார் நிறுத்துமிடத்து இயந்திரம் இன்னொரு சோதனை. மற்றவர்கள் கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டுவார்கள். இவர் உட்கார்ந்திருக்கும் தாழ்வுக்குக் கை எட்டாது. ஆகவே ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி எழுந்து நிற்பார். பின்னால் வரிசையில் இருப்பவர்கள், யாரோ பேசப்போகிறார் என்று ஒரு கணம் நினைப்பார்கள். கூட்டரசு நெடுஞ்சாலையில் டோல் வசூல் 2018 பிறந்ததும் நிறுத்தப்பட்டபோது நாட்டிலேயே அதிகம் மகிழ்ந்த முதுகு இவருடையதாகத்தான் இருக்கும்.

அந்த நெடுஞ்சாலையில் பத்து தீகா வந்ததும் அங்கள் கொஞ்சம் நிமிர்வார். 1968-இல் அங்கே ஒரு பந்தயத் தடம் திறந்தார்கள். செப்பாங் வரும் முன்னே மலேசியாவின் வேகமெல்லாம் அங்கேதான். இப்போது தடம் இல்லை, ஆனால் அங்களின் வலது கால் அதை ஒப்புக்கொள்வதில்லை. கியரை மாற்றி, தொப்பியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, அவர் வேகமெடுக்கிற அந்த நொடியில் இடப்பக்கமாக ஒரு மைவி அவரைக் கடந்து போகும். 2005-இல் பிறந்த அந்தச் சின்னக் காருக்குத் தான் சின்னக் கார் என்பது இன்னும் தெரியாது. அதை ஓட்டும் பெண் ஒரு கையில் நாசி லெமாக் வைத்திருப்பாள்.

ஏன் இந்தப் பாடு? காற்று, சுதந்திரம் என்று முதலில் ஆங்கிலத்தில் சொல்வார். நம்பாதீர்கள். இரண்டாவது கோப்பி வரைக்கும் பொறுத்திருங்கள். முதல் கோப்பியில் அவருடைய அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்திருப்பார். இரண்டாவதில் பால்மரம் வெட்டியவராகிவிடுவார். அப்போதுதான் கதை வரும்: செம்மண் சாலை, துரையின் திறந்த கார், ஓரமாக ஒதுங்கி நிற்கும் அப்பா, அவர் மேல் படியும் புழுதி.

துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்பது அந்நாளைய தோட்ட வழக்கம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு சேர்த்து, சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்பதும் ஒரு கோரிக்கை. முன்னின்ற ஆர்.எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது. அங்கள் இதையெல்லாம் பள்ளியில் படிக்கவில்லை, லயத்துத் திண்ணையில் கேட்டது. அதனால்தான் ஒரு நாள் அந்தக் காரில் தான் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்று முப்பது வருஷம் ஃபைல் தூக்கினார்.

உட்கார்ந்தும் விட்டார். உட்கார்ந்த பிறகுதான் அது எவ்வளவு தாழ்ந்த கார் என்பது தெரிந்தது. பஸ்ஸில் போகிறவர் மேலிருந்து பார்க்கிறார், லோரிக்காரர் அதற்கும் மேலே, மைவிக்காரிகூட எட்டித்தான் பார்க்கிறாள். சைக்கிளில் போகிறவன் இப்போது இறங்க வேண்டியதில்லை, குனிந்தால் போதும்.

அவரைச் சரிசமமாகப் பார்க்கிறவர்கள் கப்சாய் மோட்டோக்காரர்கள்தான். மழை பிடித்துக்கொண்டால் மோட்டோக்கள் எல்லாம் மேம்பாலத்தின் அடியில் ஒதுங்கும். சட்டையை முன்பின்னாகப் போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டோடு, சிகரெட்டை உள்ளங்கையில் மறைத்தபடி இருபது முப்பது பேர் நிற்பார்கள். சாலையில் போகும் எந்தக் காருக்கும் அந்த இடத்தில் வேலையில்லை. எம்.ஜி. அங்கள் மட்டும் விளக்கை மின்னிக்கொண்டு ஓரங்கட்டுவார். கோட்டைக் கழற்றி வழக்குக் கட்டின்மேல் போர்த்திவிட்டு, கால்மிதியில் தேங்கிய தண்ணீரை மைலோ டின்னால் மொண்டு வெளியே ஊற்றுவார். டின் எப்போதும் காரில் இருக்கும். யாராவது தம்பி வந்து இரண்டாவது டின்னை எடுத்துக்கொள்வான். இரண்டாவது டின்னும் இருக்கும்.

“ஏன்ணே, கூரை போட காசு பத்தலியா?”

“கூரை போட்டா அப்புறம் உங்களோட இப்படி நிக்க முடியுமா தம்பி?”

வாதத்தில் தோற்காதவர். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் வக்கீலாகப் பேசவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தப் பாலத்தடியில் யாருக்கு எங்கே வேலை, யாருக்கு எந்த ஒர்க்‌ஷாப்பில் நல்ல போர்மேன், கோலா சிலாங்கூரில் எந்தக் கடையில் மீன் தலைக் கறி என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவருடைய கட்சிக்காரர்களில் சிலர் அங்கே கிடைத்தவர்கள்தான்.

வீட்டம்மாவுக்கு இதில் பங்கில்லை. கல்யாண வீடுகளுக்கு அந்தக் காரை இரவல் கேட்டு வருவார்கள். மாலையும் ரிப்பனும் கட்டி மாப்பிள்ளை பெண்ணை ஏற்றிப் படம் எடுத்துவிட்டு, கேமராக்காரர் நகர்ந்ததும் பெண்ணை ஏர்கான் வண்டிக்கு மாற்றிவிடுவார்கள். வீட்டம்மாவும் அதே கட்சி. அவரிடம் தனியாக ஒரு மைவி இருக்கிறது.

தைப்பூசத்துக்கு முந்திய மாலை, பட்டுச்சேலையும் மல்லிகையுமாக அவர் வாசலில் நின்றார். அங்கள் எம்.ஜி.யின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது.

“என்னங்க, பத்துமலைக்குப் போற வெள்ளி ரதத்தில முருகனுக்கே மேல கூரை வச்சுத்தான் கூட்டிட்டுப் போறாங்க.”

“அதான் போய்ச் சேர ஒரு ராத்திரி முழுக்க ஆகுது” என்றார் அங்கள்.

வீட்டம்மா மைவியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.