சில்லுக்கு மாலை

ரொறன்ரோவில் ஒரு சாமத்திய வீட்டுப் பந்தியில் எனக்கு எதிரே இருந்த அண்ணர், உளுந்து வடையை ரயராகவும் மேசையில் கிடந்த மல்லிகைச் சரத்தைச் சங்கிலியாகவும் வைத்து, பாரமான ரக்குக்குப் பனிச்சங்கிலி பூட்டும் வித்தையை ஒரு நொடியில் செய்து காட்டினார். பிறகு ரயரைச் சாப்பிட்டார்.

ஒன்ராறியோவில் ஓடும்வரைக்கும் வடைப் பயிற்சி போதும். அங்கே சங்கிலிக்கு வேலை வருவது அபூர்வம். பிரிட்டிஷ் கொலம்பியாவில், ஹோப் என்ற ஊரிலிருந்து மெரிற் பக்கமாக ஏறும் கொக்குஹல்லா நெடுஞ்சாலையில்தான் விசயம் இருக்கிறது. 1986இல் வன்கூவர் உலகக் கண்காட்சிக்காக அவசரப்பட்டுத் திறந்த பாதை அது. பள்ளத்தில் கிடக்கும் ஹோப்பை விட்டு ஐம்பது கிலோமீற்றர் போவதற்குள் 1,244 மீற்றர் உச்சிக்கு வந்துவிடுவீர்கள். பசுபிக்கின் ஈரக்காற்று இந்த மலையில் முட்டி, கொண்டுவந்ததை எல்லாம் அங்கேயே கொட்டிவிட்டுப் போகும். போகும் வழியில் பெயர்ப்பலகைகள் ஒதெல்லோ, போர்ஷியா, ஜூலியற் என்று வரும். இந்தப் பள்ளத்தாக்கில் முன்பு ரயில்பாதை போட்ட பொறியியலாளர் அன்ட்ரூ மக்கலக்குக்கு ஷேக்ஸ்பியர் என்றால் உயிர். ஸ்ரேசன்களுக்கெல்லாம் நாடகப் பாத்திரங்களின் பெயரை வைத்துவிட்டார். ஆக, அழுகைக்கு மேடை முதலே தயார்.

ஒக்ரோபர் 1இலிருந்து ஏப்ரல் 30 வரை, 11,794 கிலோவும் அதற்கு மேலும் உள்ள வாகனம் இந்த மலைப்பாதைகளில் உருக்குச் சங்கிலி கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். அதென்ன 794 என்று கேட்காதீர்கள். பழைய 26,000 இறாத்தல் கிலோவுக்குள் குடிபுகுந்தபோது வந்த சொச்சம். கொண்டுபோவதில் ஒரு கஷ்டமும் இல்லை. முதுகுப்பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு கோடைவரைக்கும் ஓடலாம். சங்கிலி பூட்டச் சொல்லும் பலகையில் விளக்கு மின்னினால்தான் சனி. அப்போது பூட்டாமல் ஏறினால் அபராதம். அபராதத்துக்கும் தப்பினால் பள்ளம்.

பிறேரிச் சமவெளியில் மைனஸ் முப்பதில் ஓடிப் பழகிய வீரர்கள், இங்கே மைனஸ் இரண்டைப் பார்த்துச் சிரிப்பார்கள். கடுங்குளிரில் பனி மணல் மாதிரிக் காய்ந்து கிடக்கும், ரயர் பிடிக்கும். பூச்சியத்துக்குக் கிட்டத்தான் அது நனைந்து, பாரம் ஏறியதும் பளபளவென்று மினுங்கத் தொடங்கும். வீரர்களின் சிரிப்பு முதலாம் ஏற்றத்தில் நின்றுவிடும்.

இரட்டைச் சில்லு இரண்டையும் சேர்த்து மூடும் சங்கிலியை ரக்குக்காரர் 'ரிப்பிள்' என்பார்கள். முதலில் அதைச் சிக்கெடுத்து நிலத்தில் விரிக்க வேண்டும். பிறகு தோளில் தூக்கி ரயருக்கு மேலே எறிய வேண்டும். அது வழுக்கி உங்கள் சப்பாத்தில் விழும். திரும்ப எறிந்து, ரக்கைக் கொஞ்சம் நகர்த்தி, மல்லாந்து கீழே புகுந்து, கண்ணுக்குத் தெரியாத உள்பக்கக் கொளுக்கியைத் தடவிப் பிடித்து மாட்ட வேண்டும். கையுறை போட்டால் கொளுக்கி தெரியாது. கழற்றினால் கை தெரியாது. மாட்டிவிட்டு வெளிப்பக்கத்தை இறுக்கி, றப்பர் பட்டி கட்டி, கொஞ்சத் தூரம் ஓட்டி, இறங்கித் திரும்பவும் இறுக்க வேண்டும். இந்த இரண்டாம் இறுக்கலைச் சோம்பலில் விட்டவரின் சங்கிலி அறுந்து, சேற்றுத்தடுப்பையும் காற்றுக் குழாயையும் அடித்துக் கிழித்துக்கொண்டுதான் நிற்கும். 1904இல் பனிச்சங்கிலிக்குக் காப்புரிமை எடுத்தவர் ஹரி வீட் என்ற அமெரிக்கர். அவர் காலத்துக் காரை நாலு பேர் சேர்ந்து தள்ளியே மலையேற்றியிருக்கலாம்.

பூட்டுமிடத்தில் துணைக்குப் பஞ்சம் இல்லை. அந்தப் பாதையில் பாதி ரக் பஞ்சாபிகளுடையது என்று எனக்குத் தோன்றும். ஒரு சர்தார்ஜி குனிந்து, ரக்குக்குக் கீழே கிடந்த என்னோடு இந்தியில் கதைத்தார். தெரியாது என்றேன். "இந்தியனுக்கு இந்தி தெரியாதா?" என்று ஆங்கிலத்தில் அதிசயப்பட்டார். நான் இந்தியன் இல்லை, யாழ்ப்பாணம். ஆனால் அதை விளங்கப்படுத்த வெளிக்கிட்டால் 1948இலிருந்து தொடங்க வேண்டும். முதுகோ ஏற்கெனவே பனியில் ஒட்டிவிட்டது. "மறந்துவிட்டது" என்றேன். மிகவும் இரக்கப்பட்டு, உள்பக்கக் கொளுக்கியை அவரே மாட்டிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ரெலிபோன் அடித்தது. பிரம்டனில் சூடான அறைக்குள் இருந்து எங்கள் லோட் கொடுக்கிற தம்பி.

"அண்ணை, ஏன் லேட்? நான் நெட்டில ரோட்டுக் கமரா பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். பாதை கறுப்பா, கிளீனாக் கிடக்கு."

"எந்தக் கமரா, தம்பி?"

"ஹோப் கமரா."

"அதுக்கு மேல, மலைக் கமராவை ஒருக்கா அமத்தும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"ஒண்டும் தெரியேல்லை அண்ணை. முழுக்க வெள்ளை."

"வடிவாப் பாரும். வலப்பக்க மூலையில, ரக்குக்குக் கீழ ரெண்டு கால் நீட்டிக்கொண்டிருக்கும். அது நான்தான்."