டேஷ்போர்டுக் கணினி: ஓர் இலக்கணம்

1. வரையறை

காரின் டேஷ்போர்டில் நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும் ரேடியோவைக் கழற்றி, அவ்விடத்தில் ஒரு கணினியைப் பொருத்தி, அதே பாட்டைக் கேட்பது டேஷ்போர்டுக் கணினிக் கலை எனப்படும். கடைக்காரர் பொருத்தித் தருவது இதில் அடங்காது. தன் கையால் செய்வதே இலக்கணம். இக்கலைக்குரிய மாந்தர் இருவர்: பொருத்துபவர், அருகிருப்பவர். 'எப்போது முடியும்?' என்ற வினா அருகிருப்பவருக்கு உரியது. அதற்கு விடை கூறும் மரபு இல்லை.

2. வரலாறு

1930இல் அமெரிக்காவின் கால்வின் நிறுவனம் காருக்கென ஒரு ரேடியோவை உருவாக்கி, மோட்டார் என்ற சொல்லிலிருந்து அதற்கு மோட்டரோலா என்று பெயர் சூட்டியது. பெயர் பின்னர் நிறுவனத்துக்கே நிலைத்தது. 1999இல் பிரிட்டனின் எம்பெக் நிறுவனம் லினக்ஸில் இயங்கும் பாட்டுக் கருவியொன்றை ரேடியோ இருந்த குழிக்குள்ளேயே அடக்கிக் காட்டியது. கைக்கடக்கமான ராஸ்பெர்ரி பை என்னும் கணினி 2012இல் விற்பனைக்கு வந்தபின் இக்கலை வீட்டு வாசல்களுக்குப் பரவிற்று.

3. குழியியல்

ரேடியோவைக் கழற்றியபின் எஞ்சுவது குழி. ஜெர்மானியத் தர நிறுவனமான டின் வகுத்த அதன் அளவு பின்னர் ஐ.எஸ்.ஓ. 7736 என்ற உலகத் தரமாயிற்று. குழி இருவகைப்படும். ஒற்றை டின்னின் முகப்பு 180 மி.மீ. அகலமும் 50 மி.மீ. உயரமும் கொண்டது, இரட்டை டின்னின் உயரம் 100 மி.மீ.

85க்கு 56 மி.மீ. அளவுள்ள ராஸ்பெர்ரி பை குழியின் ஒரு மூலையில் ஒதுங்கிவிடும். இடர் தருவது திரை. ராஸ்பெர்ரி பைக்கென முதலில் வெளியான 7 அங்குலத் தொடுதிரையின் அளவு 194க்கு 110 மி.மீ. இரட்டைக் குழியைவிட அகலத்தில் 14, உயரத்தில் 10 மி.மீ. மிகுதி. திரையைத் தேய்க்க இயலாது. ஆகவே கார் தேய்க்கப்படும். அரம் இத்துறையின் முதன்மைக் கருவியாகக் கருதப்படுவது இதனால்தான்.

4. மின்னியல்

வெளியில் வாங்கிப் பொருத்தும் ஸ்டீரியோக்களின் வழக்கப்படி மஞ்சள் வயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும், சிவப்பில் சாவியைத் திருப்பினால் வரும், கறுப்பு எர்த். மஞ்சளை மட்டும் நம்பிய கணினி இரவெல்லாம் விழித்திருந்து பேட்டரியைக் குடித்துவிடும். மறுநாள் காலை அண்டை வீட்டார் காரைத் தள்ளுவர். கணினித் துறையில் மனித உழைப்பு நேரடியாகப் பயன்படும் அரிய இடம் இது. சிவப்பை மட்டும் நம்பியதோ, சாவியை எடுத்த நொடியில் சொல்லாமல் கொள்ளாமல் அணையும். அப்போது எழுதிக்கொண்டிருந்த கோப்பு சிதையும். சாவியை எடுத்தபின்னும் சிறிது நேரம் மின்சாரம் தந்து, கணினி முறையாக அணைந்ததும் நிறுத்தும் சுற்று ஒன்றே இதற்குப் பரிகாரம்.

கணினி வேண்டுவது 5 வோல்ட். கார் தருவது ஓய்வில் ஏறத்தாழ 12.6, ஓட்டத்தில் 14. இறக்கித் தர மின்மாற்றுப் பலகை உண்டு. ஆயினும் ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும் கணத்தில் பேட்டரி 10 வோல்ட்டுக்கும் கீழே சரிவதுண்டு. பலகை சாதாரணமானதாயின் அது தடுமாறும். எனவே சாவியின் முதல் திருப்பத்தில் பிறக்கும் கணினி இரண்டாம் திருப்பத்தில் இறந்து உடனே மறுபிறப்பெடுக்கும். பாட்டு அதன்பின்னரே. தெருமுனைக் கடை வரையிலான பயணம் பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும்.

5. ஒலியியல்

கணினியும் ஆம்ப்ளிஃபையரும் வெவ்வேறு இடங்களில் எர்த் செய்யப்பட்டால், ஆல்டர்னேட்டரின் ரீங்காரம் ஸ்பீக்கரில் கேட்கும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறும். பாட்டு வருமுன் கேட்கும் இதனை ஆலாபனை என்று கொள்வாரும் உளர். இரண்டையும் ஒரே இடத்தில் எர்த் செய்தால் பெரும்பாலும் அடங்கும்.

6. வெப்பவியல்

வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். ராஸ்பெர்ரி பையின் சில்லு 80 டிகிரியைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நண்பகலில் வேலை செய்வோர் அனைவருக்கும் இவ்வியல்பு பொது.

7. பயன்

ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட ஓ.பி.டி. சாக்கெட் உள்ளது; அமெரிக்காவில் 1996 முதல் கார்களுக்கு இது கட்டாயம். இதில் கணினியை இணைத்தால் வேகம், எஞ்சினின் சுழற்சி முதலியவை திரையில் தெரியும். இவற்றைக் காட்டும் முட்கள் ஒரு முழத் தூரத்தில் முன்பே உள்ளன. நேரமும் தெரியும், ஆனால் ராஸ்பெர்ரி பையின் முதல் நான்கு தலைமுறைகளில் மின்சாரம் நின்றபின்னும் ஓடும் கடிகாரம் இல்லை. இணையம் கிடைக்காத இடத்தில் அதற்கு நேரம் தெரியாது. பக்கத்திலேயே காரின் கடிகாரம் ஓடினும் அதனைக் கேட்டறிவதில்லை.

8. முடிவுநிலை

கழற்றிய ரேடியோவை அட்டைப்பெட்டியில் இட்டுப் பரணில் வைப்பது மரபு. காரை விற்கும் நாளில் கணினி வெளியேற, ரேடியோ பழைய குழிக்குத் திரும்பும். அரம் பட்ட குழியில் அது ஆடும். ஆட்டம் நிற்க மடித்த தாள் செருகப்படும். வயர் இணைப்புப் படத்தை அச்சிட்ட தாளே இதற்குப் போதிய தடிமன் உடையது.