நான்கு முழுக்கின் ரகசியம்

கேள்வி: பண்டைய எகிப்தின் ஆலயப் பூசாரிகள் பகலில் இருமுறையும் இரவில் இருமுறையும் குளிர்ந்த நீரில் நீராடினார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறாராமே, அவர்கள் மேனியில் அத்தனை அழுக்கா?

பதில்: அழுக்குக்கு ஒரு முழுக்கே போதும், மற்ற மூன்றும் ஆத்மாவுக்காக. ஆதியில் எங்கும் பரந்து கிடந்த ‘நுன்’ என்னும் பிரளய ஜலத்திலிருந்தே முதல் மேடு எழுந்தது என்று நம்பிய அந்தப் பூசாரிகள், கர்னக் ஆலயத்தில் மூன்றாம் துட்மோஸ் மன்னன் வெட்டுவித்த, சுமார் 120 மீட்டர் நீளமுள்ள தடாகத்தின் கற்படிகளில் இறங்கி, நைல் நதியோடு ஏறியும் இறங்கியும் வந்த அந்த ஊற்று நீரில் மூழ்கி எழுந்தபோதெல்லாம், சிருஷ்டியின் முதல் நாளில் பிறந்தவர்களாகவே சந்நிதிக்குள் புகுந்தார்கள் என்பது என் துணிபு.

இதனினும் என் மனத்தைக் கவர்வது வேறொன்று. பாலனாகிய ஹோரஸ் தேவன் முதலைகளை மிதித்து, கைகளில் பாம்பும் தேளும் பற்றி நிற்கும் கற்பலகைகளில் மந்திரங்களைச் செதுக்கி, அவற்றின் மேல் நீரை வார்த்து, வழிந்ததை ஏந்தி, தேள் கொட்டியவருக்குப் பருகக் கொடுத்தார்கள். எழுத்தறியாத ஏழைக்கும் மந்திரம் தொண்டை வழியே இறங்கிற்று! அந்த நீர் சிந்திப் போகாமல் தேங்குவதற்கென்று சில சிலைகளின் அடிப்பீடத்திலே குழியும் குடைந்து வைத்த சிற்பியை நான் கைகூப்பித் தொழுவேன்.