சிங்கப்பூர் ரைஸ், ஹாஃப் பிளேட்

தொண்ணூறுகளில் எங்கள் நெசவு ஊரான முசரவாக்கத்துக்கு சிங்கப்பூர் டின்னில் அடைத்துத்தான் வந்து சேர்ந்தது. பச்சை நிற மைலோ டின், கோடாலித் தைலம் அரை டஜன், டைகர் பாம், எதற்கும் உதவாத பெரிய டார்ச் லைட் ஒன்று. சித்தப்பா லீவில் வந்து பெட்டியைப் பிரித்தால் பாதித் தெரு எங்கள் திண்ணையில்தான். அன்றைக்கு அரைநாள் எந்த வீட்டிலும் தறிச் சத்தம் கேட்காது. தைலம் பெரியவர்களுக்கு, மைலோ எங்களுக்கு. பாலில் கலந்து குடிக்கச் சொல்லி டின்மேல் படம் போட்டிருந்தான். எங்கள் வீட்டில் பால் காபிக்கே இழுபறி. பொடியை உள்ளங்கையில் கொட்டி நக்கியே டின்னைக் காலி செய்தோம்.

அப்பா குழித்தறியில் இறங்கி உட்கார்ந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கோர்வைக்கு நாடா தள்ளுவது என் வேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் பல்லோடு பல் கோத்தது மாதிரி சேர்ந்து வர வேண்டுமென்றால் மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு ஆளால் ஆகாது. வீட்டில் யார் சும்மா இருக்கிறார்களோ அவர்தான் கோர்வைக்கு; பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் சும்மா இருப்பவர்கள் கணக்கில்தான் வந்தார்கள். நாடாவைத் தள்ளிக்கொண்டே கேட்பேன்: "சித்தப்பா, சிங்கப்பூர்ல இன்னா சாப்புடுவீங்க?"

"அங்க கெடைக்காதது இன்னாடா இருக்குது?" என்று ஆரம்பிப்பார். நண்டு என்பார், இரண்டு கையையும் விரித்து அளவு காட்டுவார். சிவப்புக் குழம்பில் முழுசாக மிதக்குமாம். கோழியை அவித்து, அந்தக் கோழித் தண்ணீரிலேயே சோறு வடிப்பானாம் சீனாக்காரன். மீன் தலையை மட்டும் தனியாகச் சட்டியில் போட்டு மேசைக்கு அனுப்புவானாம். நான் வாயைப் பிளந்து கேட்டதில் நாடா கீழே விழுந்து அப்பாவிடம் குட்டு வாங்கியதும் உண்டு.

எங்கள் வீட்டு மெனு சுருக்கமானது. காலையில் கேழ்வரகுக் கூழ், தொட்டுக்கொள்ள மோர் மிளகாய். மத்தியானம் சோறும் ஏதோ ஒரு குழம்பும். புடவை இறங்கிக் கூலி கைக்கு வந்தால் கருவாடு. ஊர் உலகம் கொண்டாடுகிற பண்டம் ஒன்று எங்கள் பக்கத்திலும் இருக்கிறது. வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லி: மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மூங்கில் குடலையில் மந்தாரை இலையைப் பரப்பி மணிக்கணக்கில் ஆவியில் வேக வைப்பது. அதை நெய்கிறவன் தினம் தின்றான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோயிலுக்குப் போன நாளில் ஒரு விள்ளல் கிடைக்கும். பட்டும் அப்படித்தானே, நெய்தோம், உடுத்தவில்லை.

சித்தப்பா ஒரேயடியாக ஊர் திரும்பிய பிறகுதான் நண்டுக் கதையின் மறுபக்கம் வந்தது. அவர் சாப்பிட்டது பாக்கெட் சாப்பாடு. கேட்டரிங்காரன் விடிவதற்கு முன்பே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விடுவான். காலைக்கு ஒன்று, மத்தியானத்துக்கு ஒன்று. சோறு ஒரு பொட்டலம், குழம்பு பிளாஸ்டிக் பையில் ரப்பர் பேண்டு போட்டு. அதை லாரியில் கூடவே எடுத்துக்கொண்டுபோய், கட்டடம் கட்டுகிற சைட்டில் ஒரு கம்பியில் மாட்டி வைப்பார்கள். அந்த ஊர் வெயிலையும் புழுக்கத்தையும் சொல்லவே வேண்டாம். பன்னிரண்டு மணிக்கு அவிழ்க்கும்போது முதலில் சோற்றைத் தொடக்கூடாதாம், குழம்புப் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்க வேண்டுமாம். பை உப்பியிருந்தால், ஓரத்தில் பொடிப்பொடியாகக் குமிழ் தெரிந்தால், முடிச்சை அவிழ்க்காமலே குப்பையில் போட்டுவிட வேண்டும். பிறகு சித்தி போட்டுக் கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய்தான் துணை. நண்டு? லாரி போகிற வழியில் ஒரு கடை வாசலில் படமாகப் பார்த்தாராம். கை விரித்துக் காட்டிய அளவு அந்த விளம்பரப் பலகையின் அளவு.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நம்மாட்கள் கூடுகிற தேக்கா. வீட்டுக்குப் பணம் அனுப்பிவிட்டு, இரண்டு பரோட்டா (அங்கே பிராட்டா), ஒரு தே தாரிக். 1947இல் தொடங்கிய கோமள விலாஸில் ஒரு தீபாவளிக்கு மசால் தோசை சாப்பிட்டதை இன்றைக்கும் சொல்வார். 2015 நவம்பரில் அதே கோமள விலாஸுக்கு நரேந்திர மோடியை அன்றைய சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியென் லூங் அழைத்துப்போன செய்தி டிவியில் ஓடியபோது சித்தப்பா சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். "நான் போனப்ப எடம் இல்லாம மாடிப்படியில நின்னேன். இவருக்குப் பாரு, உடனே டேபிள் கெடைச்சிருக்குது" என்றார். பொறாமை ரொம்ப நேர்மையாக இருந்தது.

சித்தப்பா கம்பி கட்டிய ஊரில் சித்தப்பா மகன் கம்ப்யூட்டர் தட்டுகிறான். அவன் கூப்பிட்டுத்தான் நானும் ஒரு தடவை போய்வந்தேன். பட்டியல் போட்டு வைத்திருந்தான். "அண்ணா, சிங்கப்பூர் வந்துட்டு இதெல்லாம் சாப்பிடாமப் போனா பாவம்." ஹாக்கர் சென்டர் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். அங்கே முதல் பாடம், சாப்பாடு வாங்குவதற்கு முன்னால் மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடிப்பது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு வளர்ந்த நமக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துக்கொண்டுபோய் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் என்றான். 2021 செப்டம்பரிலிருந்து அப்படியாம். தட்டு வைக்காமல் போவதற்குக்கூட அரசாங்கம் கவலைப்படுகிற ஊர்.

முதலில் மீ கோரெங். சீனர்களின் மஞ்சள் நூடுல்ஸை அங்கே குடியேறிய தமிழ் முஸ்லிம்கள் எடுத்து, வெந்த உருளைக்கிழங்கு, முட்டை, மிளகாய் விழுது, தக்காளி சாஸ் எல்லாம் போட்டுப் பிரட்டிய பண்டம். பக்கத்தில் வெள்ளரித் துண்டு, அதன் தலையில் இன்னும் கொஞ்சம் சாஸ். சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு. எங்கள் சாயப்பட்டறைக்காரர் பார்த்தால் கலவை கேட்பார். இதற்கு அங்கே இந்தியன் மீ கோரெங் என்று பெயர். இந்தியாவில் எந்தப் பாட்டியும் செய்ததில்லை. அடுத்து இந்தியன் ரோஜாக்: வடையும் பொரித்த மாவு உருண்டையும் உருளைக்கிழங்கும் வெட்டிப்போட்டு, இனிப்பும் காரமுமான கெட்டிச் சாற்றில் தொட்டுத் தின்பது. அப்புறம் சூப் தூலாங் என்று ஆட்டு எலும்பு. உள்ளிருக்கும் மஜ்ஜையை ஸ்ட்ரா போட்டு உறிஞ்ச வேண்டும். கூச்சமாக இருந்தது. சுற்றிப் பார்த்தேன், எல்லாரும் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். நானும்.

கடைசி நாள் மீன் தலைக் கறி, ரேஸ் கோர்ஸ் ரோட்டில் குளிரூட்டிய ரெஸ்டாரன்ட்டில். இதற்கு அங்கே ஒரு தலபுராணம் உண்டு. 1949இல் கேரளத்திலிருந்து போன எம். ஜே. கோமெஸ் என்பவர் சோஃபியா ரோட்டில் கடை வைத்திருந்தாராம். இந்தியர்கள் கழித்துப்போடுகிற மீன் தலை சீனர்களுக்கு உயிர் என்று கண்டு, அதை நம்மூர்க் குழம்பில் போட்டாராம். குழம்பு பிய்த்துக்கொண்டு போய்விட்டது. கோமெஸ் செய்ததில் எனக்குச் சந்தேகம் இல்லை. இந்தியர்கள் மீன் தலையைக் கழித்தார்கள் என்கிற இடத்தில்தான் இடிக்கிறது. எங்கள் வீட்டில் ஏரி வற்றி விரால் வருகிற காலத்தில் தலை தாத்தாவுக்கு. அதில் கை வைக்க அப்பாவுக்கே உரிமை கிடையாது. தாத்தா போன பிறகுதான் அப்பாவுக்குத் தலை வந்தது. கழித்துப்போட்ட அந்த இந்தியர்கள் யார் வீட்டுக்காரர்களோ.

சட்டி வந்தது. வெண்டைக்காய், தக்காளி, புளிக்காரம், நடுவில் ஒரு தலை. கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கன்னச் சதையைத் தம்பி ஸ்பூனால் கிள்ளி எடுத்து என் இலையில் வைத்தான். ருசிதான், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். பில் வந்ததும் மனசுக்குள் ரூபாய்க்கு மாற்றிப் பார்த்தேன். கோர்வைக்கு உட்கார்ந்த காலத்தில் அப்பா ஒரு புடவைக்கு வாங்கிய கூலியைவிடக் கூடுதல். இதைச் சித்தப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று தம்பியிடம் சொன்னேன். "அவர்ட்ட சொல்லிட்டேண்ணா. அந்தக் கட்டடத்துக்குப் பக்கத்துலதான் மூட்டை தூக்கினேன்னு சொன்னாரு" என்றான்.

அந்த ஊர் கொண்டாடுகிற சாப்பாட்டில் முக்கால்வாசி, ஒரு காலத்தில் வயிற்றுப்பாட்டுக்காகத் தள்ளுவண்டியிலும் காவடித் தட்டிலும் விற்றது. மிளகாய் நண்டே அப்படித்தான். 1950களில் செர் யாம் தியன் என்கிற பெண், அவித்த நண்டு அலுத்துவிட்டது என்று கணவர் சொன்னதால் சாஸ் போட்டுச் செய்து, வண்டியில் வைத்து விற்றது. தெருவில் நின்றவர்களை 1971 தொடங்கி 1986க்குள் குழாய்த் தண்ணீரும் சாக்கடை வசதியும் உள்ள கட்டடங்களுக்குள் கொண்டுவந்தார்கள். 2016இல் சைனாடவுனில் சோயா சாஸ் கோழி விற்கிற கடைக்கு மிஷ்லின் நட்சத்திரமே கிடைத்தது. அந்தக் காலத்தில் தெருவில் இதையெல்லாம் வாங்கித் தின்றவர்கள் துறைமுகக் கூலி, ரிக்‌ஷாக்காரர், மூட்டை தூக்கி. கூலிக்காரன் சாப்பாட்டுக்கு நட்சத்திரம் வந்தாகிவிட்டது. இன்றைய கூலிக்காரனுக்குக் குழம்புப் பை.

2020 ஏப்ரலில் கொரோனாவுக்காகத் தொழிலாளர் விடுதிகளை மூடினார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த விடுதிகளில் இருந்தார்கள். எங்கள் எதிர்வீட்டுப் பையன் அதில் ஒருவன். வீடியோ காலில் அம்மாவுக்கு தினம் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டுவான். அந்த அம்மா இங்கிருந்தபடியே உப்பு போதுமா என்று கேட்பார். அதே வருஷம் டிசம்பர் 16ஆம் தேதி ஹாக்கர் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. பல இனத்து மக்களும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற பண்பாடு. செய்தியைப் படித்துக்காட்டியபோது சித்தப்பா கேட்டது ஒன்றுதான்: "சேந்து உக்காந்து சாப்புடறதுக்கா பட்டம்? அப்போ அந்தப் பையனெல்லாம் வெளிய உட்டுட்டாங்களா?" அப்போது இன்னும் விட்டபாடில்லை.

இப்போது முசரவாக்கத்திலேயே சிங்கப்பூர் கிடைக்கிறது. சாயங்காலம் ஆனால் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பாஸ்ட்புட் வண்டி வந்து நிற்கும். கடைக்காரப் பையனின் அப்பாவும் நெசவுதான். தறியைப் பிரித்துப் பரணில் போட்டு வருஷக்கணக்காகிறது. போர்டில் சிங்கப்பூர் ரைஸ், சிங்கப்பூர் நூடுல்ஸ், சிங்கப்பூர் சிக்கன். அடுப்பு ஜெட் விமானம் மாதிரி இரையும். பெரிய இரும்பு வாணலியில் முட்டையை உடைத்து ஊற்றி, கோஸ், சோறு, மஞ்சள் நிறத்துக்கு ஒரு பொடி, சிவப்புக்கு ஒரு பொடி, அஜினமோட்டோ ஒரு சிட்டிகை, சோயா சாஸ் பாட்டிலை ஒரு உதறு. கரண்டியால் வாணலி விளிம்பில் இரண்டு தட்டு தட்டினால் ஹாஃப் பிளேட் ரெடி. சிங்கப்பூர் நூடுல்ஸ் என்பது ஹாங்காங் சமையல்காரர்கள் கறிப்பொடி தூவிக் கண்டுபிடித்தது, சிங்கப்பூர் ஹாக்கர் கடைகளில் அது பரம்பரைப் பண்டமே கிடையாது என்று தம்பி ஊருக்கு வந்தபோது பையனிடம் விளக்கினான். பையன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "சாஸ் கொஞ்சம் தூக்கலா போடவாண்ணா?" என்றான்.

சித்தப்பாவுக்கு அந்த ரைஸ் பிடிக்கும். வாரத்தில் இரண்டு நாளாவது வாங்கிவிடுவார். சித்தி கூழ் கரைத்து வைத்துவிட்டுத் திட்டிக்கொண்டிருப்பார். இதில் இன்னொரு கூத்து. அதே கேழ்வரகுக் கூழை மண் கலயத்தில் ஊற்றி, சிறுதானிய பானம் என்று பெயர் வைத்து, பட்டெடுக்கக் காரில் வருகிறவர்களுக்கு விற்கிறார்கள். எங்கள் வீட்டில் அது கொரோனாவுக்கு முன்பும் கூழ், பின்பும் கூழ்.

போன மாதம் பையன் சித்தப்பாவிடம் ரகசியமாகக் கேட்டான், சிங்கப்பூரில் இதே கடை போட முடியுமா என்று. தம்பியை போனில் பிடித்தோம். ஹாக்கர் சென்டரில் கடை எடுக்க அந்த நாட்டுக் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றான். இந்தியாவிலிருந்து வேலை பர்மிட்டில் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் கட்டுமானமும் கப்பல் பட்டறையும்தான். இந்திய ரெஸ்டாரன்ட்டுகளுக்குச் சமையல்காரரை எடுக்க 2023 செப்டம்பரிலிருந்து வழி விட்டிருக்கிறார்கள், சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி கொடுக்க வேண்டும் என்றும் சொன்னான்.

பையன் முகம் வாடிவிட்டது. "இந்தியன் சமையல் நமக்கு வராதேண்ணா. நம்மளது சிங்கப்பூர் ரைஸாச்சே."

மீ கோரெங்கைக் கொடுத்த தமிழனின் ஊரிலிருந்து போகிறவன் அந்த ஹாக்கர் சென்டருக்குச் செங்கல் சுமக்கலாம், அதே கட்டடத்துக்குள் நூடுல்ஸ் கிண்ட முடியாது. சித்தப்பா இதையெல்லாம் யோசித்துக் கலங்குகிற ஆள் இல்லை. கம்பி கட்டுகிற ஸ்கில் டெஸ்ட்டுக்கு எங்கே கோச்சிங், ஏஜென்ட் எவ்வளவு கேட்டால் கொடுக்கலாம், எவ்வளவு கேட்டால் ஓடிவந்துவிட வேண்டும் என்று விலாவாரியாகச் சொல்லிக்கொடுத்தார். கடைசியாகக் குழம்புப் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற வித்தையையும். பையன் டெஸ்ட்டுக்குப் பணம் கட்டிவிட்டான். அவன் போனால் வண்டியை அவன் தங்கை பார்த்துக்கொள்வாளாம். போர்டில் மட்டும் ஒரு வரி கூட்டப்போகிறார்களாம்: "ஒரிஜினல்".