சப்தபங்கியும் ஹெட் கேஸ்கட்டும்: ஓர் ஆய்வு

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையே உள்ளடங்கிக் கிடக்கும் மேல்சித்தாமூரைத் தமிழ்ச் சமணத்தின் தலைமைப்பீடமாகத்தான் உலகம் அறியும். ஜினகாஞ்சி மடம், பார்சுவநாதர் கோயில், மல்லிநாதர் கோயில் பாறையில் செதுக்கிய 9ஆம் நூற்றாண்டுச் சிற்பங்கள் என எல்லாவற்றைப் பற்றியும் எழுதியாகிவிட்டது. கோடைத் தேர்த்திருவிழாவுக்கு ஆளேற்றி வரும் பழைய டீசல் வேன்களின் கொதிப்பைப் பற்றி மட்டும் அறிஞர்கள் இன்றுவரை வாய் திறக்கவில்லை. அக்குறையை இக்கட்டுரை போக்கும்.

முதலில் பொருள் விளக்கம். சிலிண்டர் பிளாக்குக்கும் அதன்மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய தகடே ஹெட் கேஸ்கட். நெருப்பு, தண்ணீர், ஆயில் மூன்றும் ஒன்றன் எல்லைக்குள் மற்றொன்று நுழையாமல் தடுப்பது அதன் உத்தியோகம். கூட்டுக்குடும்பத்தில் இப்பதவியை வகித்தோர் அதன் கஷ்டத்தை அறிவர். பல எஞ்சின்களில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சூடு அளவு மீறினால் ஹெட் வளையும், கேஸ்கட் போகும். பிறகு ஆயிலில் தண்ணீர் கலந்து டிப் ஸ்டிக்கில் வெளுத்த நுரை ஒட்டும். சைலன்சரில் வெள்ளைப் புகை கிளம்பும். ரேடியேட்டரில் குமிழி வரும்.

காரணம் குறித்து இரு மரபுகள் உள்ளன. கத்திரி வெயில்தான் காரணம் என்பது ஓட்டுநர் மரபு. 90 டிகிரியில் நிம்மதியாக ஓடவே பிறந்த எஞ்சினை 40 டிகிரி வெயில் தனியாகக் கொன்றுவிடாது. அறுந்த ஃபேன் பெல்ட், திறக்காத தெர்மோஸ்டாட், கசியும் ஹோஸ், போர் தண்ணீரின் உப்பு படிந்து அடைத்த ரேடியேட்டர் என ஏதாவதொன்று உடந்தையாக இருந்தாக வேண்டும். ‘தெர்மோஸ்டாட்டையே கழட்டிப் போட்டுட்டா ஹீட்டே ஆகாது’ என்பது பட்டறை மரபு. அதையும் ஏற்பதற்கில்லை. எஞ்சின் பக்குவச் சூட்டுக்கு வரவே நேரமாகி டீசல் குடிக்கும். அடைத்த ரேடியேட்டரோ அடைத்தபடியே இருக்கும்.

ஆயினும் இவை யாவும் துணைக் காரணங்களே. முதற்காரணம் ‘திண்டிவனம் போயிடலாம்’ என்ற வாக்கியம். சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டதும் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தால் பல நேரம் செலவு ஒரு ஹோஸோடு முடியும். தண்ணீர் வற்றிய பின் சென்சார் வெறும் ஆவியில் நிற்பதால் முள் இறங்கிக்கூடக் காட்டும். ‘பாத்தீங்களா, காத்து பட்டதும் ஆறிடுச்சு’ என்று ஓட்டுநர் மகிழும்போதுதான் ஹெட் வளைந்துகொண்டிருக்கும். நிறுத்த இடமே இல்லையென்றால், ஹீட்டர் உள்ள வண்டியில் அதை முழுதாகத் திறந்து எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை நாம் வாங்கிக்கொள்ளலாம். சித்திரையில் அது தவம். இவ்வூரில் தவத்துக்கு மரியாதை உண்டு. நின்றதும் ரேடியேட்டர் மூடியைத் திறப்பது தவத்தில் சேராது. அழுத்தத்தில் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருந்த நீர், ஆவியாய் முகத்தில் பாயும்.

இனிச் செலவு. இங்கேதான் மேல்சித்தாமூர் கைகொடுக்கிறது. சமணரின் ஸ்யாத்வாதம் ஒரு பொருளைப் பற்றி ஏழு கூற்றுகளுக்கு, அதாவது பங்கங்களுக்கு, இடம் தருகிறது. இதுவே சப்தபங்கி. ஒருவகையில் உண்டு, ஒருவகையில் இல்லை, உண்டும் இல்லையும், சொல்லொணாது, பின் இவற்றின் கலப்புகள் மூன்று. ‘எவ்வளவுப்பா ஆகும்?’ என்று மெக்கானிக்கைக் கேளுங்கள்.

‘ஹெட்ட எறக்கிப் பாத்தாதான் சார் தெரியும்.’

இது நான்காம் பங்கம், ‘சொல்லொணாது’ என்னும் அவக்தவ்யம். ஏய்ப்பு என்று நாம் முணுமுணுக்கிறோம். தர்க்கப்படி அவர் பக்கமே நியாயம். ஸ்யாத்வாதம் சந்தேகவாதமல்ல, நிற்கும் கோணத்தைச் சொல்லிப் பேசுவது. ஹெட் மேலே இருக்கையில் ஒரு விலை, இறங்கியபின் வேறு விலை. அளவுகோலை ஹெட்டின்மேல் குறுக்கே வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்ப்பார். 0.05 மில்லிமீட்டர் இடைவெளியே பல எஞ்சின்களுக்கு எல்லை. தாண்டினால் லேத்தில் ஃபேசிங். விரிசல் இருந்தால் வேறு ஹெட். பிஸ்டன் வரை சூடு பரவியிருந்தால் கலப்புப் பங்கங்கள் தொடங்கிவிடும். கூலி, லேத், ஆயில், கூலன்ட் எல்லாம் ஏறிய பில்லில் கேஸ்கட்டின் விலை ஓர் ஓரத்தில் கூச்சத்தோடு நிற்கும்.

பூட்டும் முறையில் பங்கங்களுக்கு இடமில்லை. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, சொன்ன வரிசையில், கட்டம் கட்டமாக டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். ‘கையே கணக்கு சொல்லும் சார்’ என்போரிடம் அதே வேலைக்கு இரண்டாம் முறையும் போக நேரும். பிறகு மெக்கானிக் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக் குமிழி அடங்கும்வரை எஞ்சினை ஓடவிட்டு, ‘செஞ்சி வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க சார்’ என்பார். அந்த டீசல் பில்லில் ஏறாது.