கீழவாசல்காரன் டிக்கெட் எடுத்துப் பார்த்த தஞ்சாவூர்

தஞ்சாவூர்க் கீழவாசலில் வளர்ந்த எங்களுக்குப் பெரிய கோயில் என்பது பரீட்சைக்குப் படிக்கும் இடம். எழுபதுகளில் மார்ச் மாதம் வந்துவிட்டால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் போவோம். கருங்கல் தூணில் சாய்ந்து உட்கார்ந்தால் மே மாதத்துக் காற்றுகூடக் குளிர்ந்துதான் வரும். சுவர் நிறைய எழுத்து இருக்கிறது என்பது தெரியும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கத் தோன்றியதில்லை; கேட்டிருந்தாலும் எங்கள் தெருவில் சொல்ல ஆள் இல்லை.

வெளியூர் உறவினர்கள் வந்தால் அரண்மனைக்குக் கூட்டிப்போவோம். அவர்கள் டிக்கெட் எடுத்து உள்ளே போவார்கள், நாங்கள் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்போம். “உள்ளூர்க்காரனுக்கு எதுக்குடா டிக்கெட்டு?” என்பார் அப்பா. அதனால் பாட்டி தொடங்கி யாருமே அரண்மனைக் கலைக்கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. அந்தக் காசுக்கு யாகப்பா தியேட்டரில் படம் பார்க்கலாம்.

வேலை என்னை வடக்கே கொண்டுபோய்விட்டது. பணி ஓய்வு பெற்றுத் திரும்பிய பிறகுதான், வெளியூர்க்காரர்களைப் போலத் தோளில் பையும் தண்ணீர் பாட்டிலுமாக என் ஊரைப் பார்க்கக் கிளம்பினேன்.

முதலில் கலைக்கூடம். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவர் அங்கே நிற்கிறார். 1011-இல் வார்த்த செப்புத் திருமேனி. தலையில் பாம்பைச் சுற்றிக் கட்டிய ஜடை, ஒரு காலை மாற்றிவைத்து நிற்கும் ஒய்யாரம். வலக்கை காளையின் மேல் ஊன்றியிருக்க வேண்டும். காளை இப்போது இல்லை. ஆனால் அந்தக் கை தளர்ந்திருக்கும் அழகிலேயே காளையின் உயரம் தெரிந்துவிடுகிறது. நான் செருப்புக்குக் காவல் நின்ற வாசலிலிருந்து சில நிமிட நடைதான். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் இதற்காகவே புறப்பட்டு வரலாம்.

பக்கத்திலேயே சரசுவதி மகால். சரபோஜி மன்னர் காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்புகள் அந்த நூலகத்தில் இருக்கின்றன. நோயாளிகளின் கண்களை வண்ணத்தில் வரைந்தும் வைத்திருக்கிறார்கள். மன்னரே சிகிச்சையில் ஈடுபட்டவர்.

பிறகு பெரிய கோயில். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மாலை வெயிலில் போய்ப் பாருங்கள், கிழக்கே பிராகாரத்தில் நீளமாக விழுந்து கிடக்கும். இல்லாத அதிசயத்தைச் சொல்லிச் சொல்லியே, சுவரில் இருக்கும் அதிசயத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

தான் கொடுத்ததையும், அக்காள் கொடுத்ததையும், தேவியர் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னவர் ராஜராஜன். அந்தக் கணக்கில் கொட்டிக்கிடக்கும் பொன்னும் முத்தும் ஒருபுறம் இருக்கட்டும். என்னை நிறுத்திவைத்தது வேறொரு பட்டியல். சோழ நாட்டுக் கோயில்களிலிருந்து அழைத்துவந்து இங்கே குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடிப் பாடித் தொண்டு செய்த பெண்களின் பெயர்கள் ஒன்றுவிடாமல் அதில் இருக்கின்றன. எந்த ஊர், எந்தக் கோயில், இங்கே எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்று எல்லாமே உண்டு. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு 100 கலம் நெல். எடுத்தபாதம் என்று ஒருத்திக்குப் பெயர். தொடர்ந்து தையற்காரர், குயவர், கன்னார், நாவிதர், கணியர் என்று வரிசை போகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் இந்த ஊரில் குடியிருந்த சாதாரண மனிதர்களின் முகவரி அது. நாடாண்டவன் கட்டிய கோயிலில் நாவிதனுக்கும் பெயர் இருக்கிறது. என் தாத்தாவின் தாத்தா பெயர் எனக்குத் தெரியாது.

அந்தப் பெண்களுடைய வாழ்க்கை அவர்கள் விரும்பி ஏற்றதா என்று கல்வெட்டு சொல்லவில்லை. ஊர் விட்டு ஊர் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள் என்பதை, ராஜராஜனைக் கொண்டாடும் நாம் சேர்த்தே நினைக்க வேண்டும்.

கடைசியாக எங்கள் கீழவாசல் பீரங்கி மேடு. எனக்கு மிகவும் வேண்டிய இடம் இதுதான். பள்ளிவிட்டு வந்ததும் பையைத் திண்ணையில் எறிந்துவிட்டு அங்கே ஓடுவோம். வெயிலில் இரும்பு சுடும். சட்டையைக் கழற்றிப் பீரங்கி மேல் விரித்து உட்காருவோம். எங்களில் சின்னவனை அதன் வாய்க்குள் தலையை விட்டுக் கத்தச் சொல்வோம், குரல் கும்மென்று திரும்பி வரும்.

அதன் அருமை இப்போதுதான் புரிகிறது. நாயக்கர் காலத்துப் பீரங்கி. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கம், ரகுநாத நாயக்கர் ஆட்சி. நீளம் சுமார் 25 அடி, எடை 20 டன்னுக்கும் மேல். அச்சில் ஊற்றி வார்த்ததல்ல. நீள நீளமான இரும்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கி, அவற்றின் மேல் பழுக்கக் காய்ச்சிய வளையங்களை மாட்டி, அடித்து ஒட்டியிருக்கிறார்கள். இத்தனை பெரிய இரும்பை உலையில் வைத்துப் புரட்டவே எத்தனை கொல்லர்கள் வேண்டியிருந்திருக்கும்! நானூறு ஆண்டு மழையிலும் வெயிலிலும் திறந்தவெளியில் கிடந்தும் அது இற்றுப்போகவில்லை. கோயிலுக்கு வரும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இங்கே எட்டிப்பார்ப்பதாகத் தெரியவில்லை.

கீழே டீக்கடையில் கேட்டேன். “யாருண்ணே வர்றா? சாயங்காலம் சின்னப் பயலுவ வருவானுவ, ஏறிக் குதிப்பானுவ, போயிடுவானுவ” என்றார் கடைக்காரர். ஆட்டோக்காரர்கள் வெளியூர்க்காரர்களுக்குக் காட்டும் பட்டியலிலும் இந்த இடம் இல்லை.

ஊரைக் காதலிக்கிறோம் என்று நாம் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் காப்பிக்கடை, மீன்கடை, பஸ்ஸ்டாண்டு என்று காரியமாகப் போய் வரும் பாதைக்குள்ளேயே நம் ஊர் முடிந்துவிடுகிறது. தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடங்களில் பாடம் நடத்தும் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சுற்றுலா போகும் முன், ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கீழவாசல் வரை நடத்திக் கூட்டிவாருங்கள். பீரங்கி மேல் ஏறட்டும், வாய்க்குள் கத்தட்டும். அதற்கப்புறம் அது எப்படிச் செய்யப்பட்டது என்று சொல்லுங்கள். அங்கிருந்து கலைக்கூடம் பக்கம்தான். டிக்கெட் எடுத்து உள்ளேயும் கூட்டிப்போங்கள்.